உப்பில் போட்ட மவுத் ஓகன்

உங்களில் யாராவது மவுத் ஓகனை உப்பில் போட்டு மூடி வைத்ததுண்டா? இருக்காது. நான் வைத்திருக்கிறேன். எட்டு வயதில், மீன் சாடிக்குள், நாலு கிழமை.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் அந்த உப்பினால் ஒரு மனிதர் அறுபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டு வாசல் படலையைத் தாண்டாமல் இருந்தார்.

அவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. இதே குருநகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார். கோயிலில் கண்டால் "என்ன பிள்ளை, முழங்கால் எப்பிடி?" என்று கேட்பார். என் பிள்ளைகளின் கலியாணங்களுக்கு வந்தார், மோதிரம் போட்டார், கோயில் வாசலோடு திரும்பிப் போனார். எங்கள் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. அது என் அப்பாவின் வீடு. தன் மவுத் ஓகனை உப்பில் போட்டது அப்பா என்று அவர் நினைத்திருந்தார். அப்பாவை அடக்கம் செய்த அன்று சேமக்காலைச் சுவருக்கு வெளியே நின்றார். மண் போட உள்ளே வரவில்லை.

போட்டது நான் என்று இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் அப்பா, அவர் போய்விட்டார். மற்றது நான், எனக்கும் எழுபது தாண்டிவிட்டது.

மாமா வருகிற கிழமை கனடாவுக்குப் போகிறார், மகனோடு இருக்க. இந்த வயதில் போகிறவர் திரும்பி வருவாரா? அதனால்தான் போன சனிக்கிழமை அவரைக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு என் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதுவும் பென்சன் எடுக்கிற இடத்தில். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் கதையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டு அனுப்புகிறாள், நல்ல பிள்ளை.

அவள்தான் முதலில் கச்சேரியைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மம்மா, முற்றவெளியிலை ஒரு கச்சேரி. அமெரிக்காவிலையிருந்து வயசுபோன ஆக்கள் வருகினம். புளூஸ் எண்டு ஒரு பாட்டு."

"அதென்னடி அது?"

"கவலைப் பாட்டு."

"கவலைப் பாட்டுக் கேக்க முற்றவெளிக்கே போகவேணும்? பக்கத்து வீட்டுக்குப் போனால் காணுமே."

"மவுத் ஓகனும் வாசிப்பினமாம்."

அதைக் கேட்டு, பின்னேரம் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கனடாக் குளிருக்கு மகன் அனுப்பிய தொப்பியைத் தலையில் போட்டபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"மவுத் ஓகனோ?" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கேட்டார், "ஊதுறவையோ, உறிஞ்சுறவையோ?"

"போனால்தானே மாமா தெரியும்."

ஊதுவது, உறிஞ்சுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அதற்கு எட்டு வயதுக்குப் போகவேண்டும்.

அந்த வருடம் மாமா கப்பலால் வந்திருந்தார். பத்தொன்பது வயது. கப்பல் குசினியில் உருளைக்கிழங்கு உரித்த கை, அதில் புது மணிக்கூடு. எங்கள் வீட்டில்தான் இருந்தார், அம்மா என்றால் அவருக்கு உயிர். அம்மாவுக்கு வாசனைச் சவர்க்காரம் கொண்டுவந்தார். அம்மா அதைக் குளிக்கப் பாவிக்காமல் சீலைகளுக்குள் வைத்தாள், நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போகும்போது சவர்க்காரமாக மணந்தோம். எனக்கு ஒரு ரப்பர் முயல். தனக்கு அந்த மவுத் ஓகன்.

அதை நான் இன்றைக்கும் காண்கிறேன். ஒரு சாண் நீளம் இல்லை. வெள்ளித் தகடு, அதில் கொடி கொடியாகச் செதுக்கு வேலை. நடுவில் பச்சை பூசிய மரக்கட்டை. சிவப்புத் துணி ஒட்டிய சின்னப் பெட்டிக்குள் சுரூபம் மாதிரிப் படுத்திருக்கும். மாமா அதை வாயில் வைத்து இரண்டு கையாலும் பொத்தினால், கைக்குள் ஒரு குருவி அகப்பட்டுக் கத்துவதுபோல் இருக்கும். கையைத் திறந்தால் குருவி பறக்கும், மூடினால் அழும்.

"எந்தத் துறைமுகம் எண்டு மறந்துபோச்சு பிள்ளை. வேறை கப்பலிலை ஒரு அமெரிக்கக் கிழவர். முன்பல் இல்லை. அவர்தான் பழக்கினவர். எல்லாரும் உதை ஊதுவினம், அவர் உறிஞ்சினவர். சந்தோசப் பாட்டெண்டால் ஊது. கவலைப் பாட்டெண்டால் மூச்சை உள்ளை இழு," என்பார் மாமா.

எனக்குக் கவலைப் பாட்டு வேண்டாம், ரயில்தான் வேண்டும். மாமா யாழ்தேவியை வாசிப்பார். முதலில் மெதுவாக, கிழவன் மூச்சு வாங்குவதுபோல். பிறகு வேகம் பிடிக்கும். "இப்ப கொடிகாமம் தாண்டீட்டுது" என்று இடையில் சொல்லிவிட்டு மீண்டும் வாயை வைப்பார். நாவற்குழிப் பாலத்தில் சத்தம் மாறும். யாழ்ப்பாணம் வந்து கூவும்போது நான் எழுந்து நின்று பெட்டி இறக்குவேன். ரப்பர் முயல்தான் பெட்டி.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. தவக்காலம் வந்தது.

எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரர் வீட்டுத் தவக்காலம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாம்பல் பூசிய நாளிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் கலியாணம் இல்லை, இறைச்சி இல்லை, பாட்டில்லை, கூத்தில்லை. கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பா ரேடியோவையும் மூடுவார், அம்மாவின் பழைய ஊதாச் சீலைத் துண்டால். ஏனென்றால் அப்பா கோயில் மூப்பர். சுவாமியாருக்கு அடுத்தபடி ஊர் பார்ப்பது அவரைத்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் முற்றத்தில் பாய் விரித்து ஊர்ச்சனம் இருந்து பசாம் பாடும். ஆண்டவர் பாடுபட்ட கதையை அழுகிற இராகத்தில் நீட்டி நீட்டிப் பாடுவது. அப்பா ஓர் அடி பாடுவார், சனம் அதையே திருப்பிப் பாடும். அப்பாவின் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் "தாயே" என்று இழுத்தால் பாய் கடித்துக்கொண்டிருக்கிற குழந்தையும் நிமிர்ந்து பார்க்கும்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை. அப்பா பாடி, சனம் திருப்பிப் பாடுகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே, சனம் மூச்சு எடுக்கிற இடத்தில், கிணற்றடிப் பக்கமிருந்து குருவி அழுதது. அதே இராகம். அப்பா விட்ட இடத்தில் தொடங்கி, சனம் தொடங்குகிற இடத்தில் நின்றது.

சனம் பாடுவதை நிறுத்தியது. ஒரு கிழவி "ஐயோ, மூப்பர் வீட்டிலையே?" என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"எட, பசாமையே நக்கலடிக்கிறாய்?"

"நக்கல் இல்லை அத்தான். நீங்கள் பாடேக்கை..."

"வாயை மூடு. உயிர்ப்புக்கு முன்னம் இன்னொருக்கால் உந்தச் சாமான்ரை சத்தம் கேட்டால், கொண்டுபோய்க் கடலுக்கை எறிஞ்சுபோடுவன்."

"எறிஞ்சு பாருங்கோ."

அம்மா நடுவில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் மறைத்தாள். மாமா பத்தொன்பது வயதுக்காரர், கேட்பாரா? அடுத்தநாளே கிணற்றடியில் இருந்து மெதுவாக வாசித்தார். அப்பா கரையிலிருந்து வருவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் நிறுத்தினார். அப்பா சொன்னால் செய்வார். அந்தக் குருவி கடலில் கிடந்து அழுவதை நான் கனவில் கண்டேன். உயிர்ப்பு வரைக்கும் அதை எங்கேயாவது பத்திரமாக வைத்துவிட்டால், உயிர்ப்பு அன்று கோயில் மணி அடிக்கும்போது எடுத்து மாமா கையில் கொடுக்கலாம். அவ்வளவுதான் என் யோசனை.

எங்கே வைப்பது? நான் மீன்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் நாள்பட வைக்கவேண்டியது எது என்றாலும் போகிற இடம் ஒன்றுதான்.

குசினி மூலையில் ஒரு சாடி, என் நெஞ்சளவு உயரம், மண்ணிற மினுக்கம், கழுத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் அம்மா மீன் அடுக்குவாள். ஒரு வரிசை பாரைத்துண்டு, ஒரு வரிசை உப்பும் பழப்புளியும், பிறகும் மீன். மேலே வாழை இலை, அதற்கு மேல் துணி கட்டு. உயிர்ப்புக்கு முந்திய பெரிய கிழமையில் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள், அதனால் உயிர்ப்பு ஞாயிறுக்கென்று வைக்கிற மீன். அதுவரைக்கும் அம்மா அந்தத் துணியை அவிழ்க்கமாட்டாள். "உப்புக்கை போட்டது கெடாது" என்று அம்மா எத்தனை தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மீனே கெடாது என்றால் தகரம் கெடுமா?

மாமா குளிக்கப் போன நேரம் எடுத்தேன். சிவப்புத் துணிப் பெட்டி அழுக்காகும் என்று பெட்டியை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்தேன், பாருங்கள் கெட்டித்தனத்தை. துணியை அவிழ்த்து, இலையைத் தூக்கி, இரண்டு மீன்துண்டுக்கு நடுவில் படுக்கவைத்து, மேலே இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். ஓட்டைகளுக்குள்ளும் உப்பைத் தள்ளினேன். மீன் வயிற்றுக்குள் அம்மா தள்ளுவது அப்படித்தான்.

மாமா நாலு கிழமை தேடினார். கேட்கவேண்டாம். கூரை ஓலைக்குள் தேடினார், வள்ளத்துக்குள் தேடினார், என் முயலின் வயிற்றை அமத்திப் பார்த்தார். அப்பாவிடம் கேட்கவில்லை. அப்பா சாப்பிடும்போது எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாதே. சத்தம் இல்லாததில் அவருக்குத் திருப்தி. நான் தினமும் சாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிக் கரைக்குப் போனேன். அந்த வருடம்தான் பள்ளிக்கூடமும் என்னைக் கைவிட்டது. அது வேறு கதை.

பெரிய சனி மத்தியானம் அம்மா சாடியைத் திறந்தாள். ஒரு நாள் முந்திவிட்டாள். கை விட்டு மீனை எடுத்தவள் "ஐயோ மாதாவே!" என்று கத்தி எதையோ நிலத்தில் எறிந்தாள். ஏதோ கடல் பூச்சி என்று நினைத்தாளாம். அப்பா ஓடிவந்தார், மாமா ஓடிவந்தார். நிலத்தில் கிடந்தது. வெள்ளி இல்லை, எல்லாம் பாசிப்பச்சை. மரம் ஊறி வெடித்து, ஓட்டைகளில் இருந்து மீன் தண்ணீர் வடிந்தது.

அப்பா அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கதவு மூலையில் சட்டையை வாயில் வைத்துக் கடித்தபடி நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது போலும், எழுத்துத் தெரியாத எங்கள் வீட்டில் அதை வாசிக்க அவரால் முடிந்தது.

"நான்தான் போட்டனான்," என்றார் அப்பா.

மாமா அதை எடுத்துச் சேட்டில் துடைத்து வாயில் வைத்தார். ஊதினார், உப்புத்தண்ணீர்தான் தெறித்தது. உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. துப்பிவிட்டு, முகம் துடைக்கிற லேஞ்சியில் அதைச் சுற்றிக்கொண்டு, உடுத்த சேட்டோடு படலையால் போனார். அம்மா பின்னால் ஓடினாள். உயிர்ப்பு விருந்துக்கு ஆட்டிறைச்சி, அவருக்காக வைத்த சாப்பாட்டுக் கோப்பை அப்படியே கிடந்தது.

அன்று பொழுதுபட அப்பா என்னை வள்ளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்று காதைப் பொத்தினேன்.

"சொல்லாதை," என்றார். "அவன் கையாலை நீ அடி வாங்கவேண்டாம். என்னோடை கோவிச்சால் மூண்டு நாள். பிறகு பசிச்சால் வருவான்."

மூன்று நாள்! அப்பா கடலைக் கணிப்பார், காற்றைக் கணிப்பார். மச்சானைக் கணிக்கத் தெரியவில்லை. பிறகு மாமா மீண்டும் கப்பலுக்குப் போனார், வந்தார், கலியாணம் செய்தார், சண்டைக்காலத்தில் நாங்கள் எல்லோரும் ஊர்விட்டு ஓடினோம், திரும்பினோம். வீட்டில் கூரை இல்லை, சாடியும் இல்லை. யார் கொண்டுபோனார்களோ. அப்பா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பயத்தில் நானும் சொல்லவில்லை. பிறகு வெட்கத்தில். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் விட்டதை எப்படிச் சொல்வது என்று.

இப்போது முற்றவெளிக்கு வாருங்கள். பின்னேரம் ஐந்து மணி, கோட்டைப் பக்கமிருந்து கடற்காற்று, பிளாஸ்டிக் கதிரை, கச்சான் கடலைப் பக்கற்று. எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள், வயதுக்கு மரியாதை. மேடையில் மூன்று பேர். தொப்பி போட்டுக் கிற்றார் வைத்திருக்கிற கிழவர், மேளத்துக்கு என் வயதுக்காரி ஒருத்தி, நரைமுடியைக் கொண்டை போட்டிருந்தாள். மூன்றாமவரை இரண்டு பேர் பிடித்து வந்து கதிரையில் இருத்தினார்கள். அவரிடம்தான் மவுத் ஓகன். ஐயோ பாவம், இவர் வாசித்து முடிக்கிறவரைக்கும் இருப்பாரோ என்று நினைத்தேன்.

கிற்றார்க் கிழவர் பாடத் தொடங்கினார். பேத்தி காதுக்குள் சொன்னாள்.

"தன்ரை மனுசி கதவைப் பூட்டிப்போட்டாவாம்."

"பிறகு?"

"திரும்பவும் அதுதான், கதவைப் பூட்டிப்போட்டாவாம்."

"சரி, விளங்குது, பிறகு?"

"மழையும் பெய்யுதாம்."

"அவவிலை பிழையில்லை. இவர் என்ன செய்துபோட்டு வந்தவரோ."

எல்லாப் பாட்டும் அப்படித்தான். ஒரு கவலையை ஒருதரம் சொல்வார், அதையே இரண்டாம்தரமும் சொல்வார், மூன்றாவதாக ஒரு பதில் வரும். நடுவில் மூச்சு எடுக்கிற இடத்தில் மவுத் ஓகன் புகுந்து அழும். அதைக் கேட்கக் கேட்க எனக்கு அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. எங்கள் முற்றம், பாய், அப்பாவின் குரல், சனம் திருப்பிப் பாடுவது, கிணற்றடிக் குருவி. மாமா அன்றைக்கு நக்கலடிக்கவில்லை. அப்பாவோடு கூடப் பாடியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அப்பா விடவில்லை.

மாமா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "உறிஞ்சுறார், உறிஞ்சுறார்," என்றார்.

அடுத்ததாக அந்தக் கிழவர் தனியாக வாசித்தார். மெதுவாக மூச்சு வாங்கி, பிறகு வேகம் பிடித்து. மாமா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"யாழ்தேவி! பிள்ளை, யாழ்தேவியடி! இப்ப கொடிகாமம் தாண்டீட்டுது!"

முற்றவெளி சிரித்தது. அமெரிக்கக் கிழவர் மாமாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினார். அவர் கொடிகாமத்தைக் கண்டாரா என்ன.

மாமா உட்கார்ந்தார், முகமெல்லாம் பத்தொன்பது வயது. இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பாட்டும் மேளமும் தொடங்கிவிட்டன. நான் அவர் காதருகே குனிந்தேன்.

"மாமா, அதை உப்பிலை போட்டது நான்."

"என்ன?"

"உங்கடை மவுத் ஓகனை உப்பிலை போட்டது நான்! அப்பா இல்லை!"

நான் கத்திய நேரம் பார்த்துப் பாட்டு நின்றுவிட்டது. முற்றவெளி முழுக்க என் குரல்தான். மேளக்காரி தடியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். பேத்தி "அம்மம்மா!" என்று முகத்தைப் பொத்தினாள்.

மாமா மேடையைப் பார்த்தார். அடுத்த பாட்டுத் தொடங்கியது. நான் இரண்டு தரம் சொல்லிவிட்டேன், மூன்றாவதற்கு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டுப் பாதிக்கு வந்தது.

"ஏன் பிள்ளை உப்பு?" என்றார்.

"பழுதாகாமல் இருக்க."

மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன், சிரித்திருக்கிறார். சிரித்துச் சிரித்து லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"பழுதாகாமல் இருக்க! எட கடவுளே. கொழும்பிலை நாலு கடையிலை கேட்டனான். எல்லாரும் எறியச் சொன்னாங்கள். கப்பலிலையிருந்து நானே கடலிலை போட்டனான். அத்தான் எறிவன் எண்டதை நான் எறிஞ்சன்."

"எனக்கு அடி விழும் எண்டுதான் அப்பா..."

"நான் உன்னை அடிச்சிருப்பனே?"

"அடிச்சிருப்பியள்."

"ஓம்," என்றார் கொஞ்சம் யோசித்து. "அடிச்சிருப்பன்."

அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. லேஞ்சியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "சுவருக்கு வெளியிலை நிண்டிட்டன் பிள்ளை," என்றார். "எல்லாரும் மண் போடேக்கை, நான் வெளியிலை நிண்டிட்டன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அந்தக் கிழவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோவில் திரும்பி வந்தோம். எங்கள் ஒழுங்கைச் சந்தியில் மாமா வீட்டுக்கு நேரே போகவேண்டும், எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். ஓட்டோக்காரன் நேரே விட்டான்.

"தம்பி, இடப்பக்கம் திருப்பும்," என்றார் மாமா. பிறகு என்னைப் பார்க்காமல், "பசிக்குது," என்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு விருந்தும் சமைக்கவில்லை. இடியப்பம் இருந்தது, பாரைமீன் குழம்பு இருந்தது, சொதியைச் சூடாக்கினேன். மாமா படலையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், யாரும் படலையடியில் கழற்றுவதில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டார். மேசையில் எந்தக் கதிரையில் இருப்பது என்று கொஞ்சம் தடுமாறினார். பிறகு படம் தெரிகிற பக்கமாக இருந்தார்.

எனக்குப் பிறசர் வந்த பிறகு எங்கள் குசினியில் உப்பு அரைவாசிதான். அந்த அவசரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. மாமா இடியப்பத்தைக் குழம்பில் குழைத்து ஒரு வாய் வைத்தார். மென்றார்.

"உப்புக் காணாது, பிள்ளை," என்றார்.

நான் குசினிக்குள் போய் உப்புப் பேணியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.